நாலாவது தூணுக்குக் கீழே நின்றவர்

ஏழுபுளி விலக்கில் ஏழு புளியமரங்கள் நின்றதைப் பார்த்தவர்கள் இப்போது யாருமில்லை. நான்குவழிச் சாலை போட்டபோது மரமெல்லாம் போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஊர்ச்சாலை பிரிகிற அந்த விலக்கில் இறங்கி மேற்கே நூறு எட்டு வைத்தால் பவுன்தாய் திருமண மண்டபம் வரும். மண்டபத்துக்குச் சொந்தக்காரியின் பெயரும் அதுதான். தன் பெயரைத் தானே ஆள் உயரத்துக்குச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டவளுக்கு அடக்கம் கொஞ்சம் கம்மி என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்கு வம்பு சுவரில் வரவில்லை, தரையில் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், மண்டபத்துக்குக் கூரை போட்டுப் பூச்சு வேலையும் முடிந்த ஒரு மாசி மாதத்தில், பவுன்தாய் தன் அண்ணன் சோலைமலையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு டைல்ஸ் பார்க்கப் போனாள். அவள் வீட்டுக்காரர் நல்லதம்பிக்கு நிறம் என்றால் வெள்ளை, கறுப்பு, மற்றது என்று மூன்றுதான், அதனால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டாள். கடைக்காரர் ஷாகுல் பாய் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்து, அந்த டீயிலேயே கொஞ்சத்தை ஒரு விட்ரிஃபைட் டைல்ஸின் மேல் ஊற்றி, "இது மண்ணையும் கல்லுமாவையும் கண்ணாடி ஆகுற மட்டும் சுட்டதுங்க, ஒரு சொட்டுக் குடிக்காது" என்று துடைத்துக் காட்டினார். பிறகு ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தினார். ரெண்டுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு, தந்த நிறம், சந்தன நிறம், பளிங்கு ரேகை ஓடினது, மரக்கட்டை மாதிரி இருந்தது, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது, தொட்டால் மொரமொரத்தது என்று பார்க்கப் பார்க்கப் பவுன்தாய்க்குக் கண் நிறைந்துகொண்டே போனது.

சோலைமலை ஓரமாகக் கிடந்த ஒரு சாம்பல் நிற டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதப் போடுத்தா. மண்டபம்னா சாம்பாரு சிந்தும், பாயசம் சிந்தும், பிள்ளைக ஓடும். மொரமொரன்னு இருந்தாத்தான் வழுக்காது" என்றார்.

"சாம்பலா? நா என்ன பஸ் ஸ்டாண்டா கட்டுறேன்?" பவுன்தாய் முகம் பார்க்கிற டைல்ஸ் முன்னால் போய் நின்றுகொண்டாள். "இதான். கல்யாண போட்டாவுல தரையும் சேந்து மின்னணும்."

"மின்னி என்ன செய்ய, கெழவன் கெழவி விழுந்து இடுப்ப ஒடைக்கவா? ஒனக்கு என்னத்தத் தெரியும்?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அப்படிக் கேட்டதுதான் பவுன்தாய்க்குச் சுருக்கென்றது.

"எம் மண்டபம். இதுல சொல்றதுக்கு நீ யாரு?"

சோலைமலை பாதி குடித்த டீயை மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறித் தன் ஊரான பாறைப்பட்டிக்குப் போய்விட்டார். அவரே வருவார் என்று இவள் இருந்தாள், இவளே வருவாள் என்று அவர் இருந்தார். அடுத்த மாதம் மண்டபத் திறப்புக்கு இவள் புருஷனோடு நேரில் போய்த் தாம்பூலத் தட்டு வைத்துக் கூப்பிடாமல் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினாள். கூடப் பிறந்த அண்ணனுக்குத் தட்டு இல்லாமல் போனால் அது பத்திரிகை இல்லை, நோட்டீஸ். அதே வருடம் அவர் பாறைப்பட்டியில் சின்னதாக வீடு கட்டிக் குடிபோனபோது, பதிலுக்குப் பதிலாக அவரும் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். இவளும் போகவில்லை.

டைல்ஸ் போட்டு முடித்த மேஸ்திரி சவரிமுத்து, மீந்த நாலு பெட்டியைக் காட்டி, "அக்கா, இத ஸ்டோர் ரூம்ல போட்டு வையிங்க. ஒரே சூளையில ஒரே நாள் சுட்டதுதான் நெறம் சேரும். நாளப்பின்ன ஒண்ணு ஒடைஞ்சா இந்த பேட்ச் சாமி குடுத்தாலும் கெடைக்காது" என்று படித்துப் படித்துச் சொன்னார். பவுன்தாயோ யார் புத்தி சொன்னாலும் ஏற்கக்கூடாது என்கிற கோபத்தில் இருந்தாள். நாலு பெட்டியையும் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

திறப்பு நாளன்று காலையில் முறைப்படி பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே நடத்த வேண்டும். பசு வாசற்படியில் முன்னங்காலை வைத்தது, தரையைப் பார்த்தது, காலை எடுத்துக்கொண்டது. வழுக்குதோ என்று சிமெண்டுச் சாக்குகளை வரிசையாக விரித்தார்கள். அதற்குப் பிறகு பசு வந்தது, ஆனால் யாரையோ மிதித்துவிடக்கூடாது என்பது போல ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி, ஒதுங்கி ஒதுங்கி வைத்துக்கொண்டு வந்தது. மாட்டுக்கு இருக்கிற மரியாதையைப் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். பால் பொங்கியது, கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது, அப்போதுதான் பூ கட்டுகிற மூக்கம்மா குனிந்து தரையைப் பார்த்து, "இந்தா, எங்க நாத்தனா நிக்கிறா" என்றாள்.

அவளுடைய நாத்தனார் மும்பையில் இருந்தாள். அந்த நேரத்தில் அவள் மும்பையில் எப்படி இருந்தாளோ அப்படியே, நைட்டி போட்டுக்கொண்டு கையில் கரண்டியோடு, பளபளக்கிற தரைக்குள்ளே, மேலே நிற்பவர்களின் பாதத்தோடு பாதம் ஒட்டித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பார்த்தால் இன்னொருத்தர், அதற்குப் பக்கத்தில் கன்னத்தில் பாதி சவரம் செய்த இன்னொருத்தர், அப்படியே வாசல் வரைக்கும் ஆட்கள். வந்தவர்கள் யாரும் தரையில் தெரியவில்லை. வரச் சொல்லி வராதவர்கள்தான் தெரிந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்த பால்வாடி டீச்சர் தெம்பாக முறுக்குத் தின்றுகொண்டு நின்றது அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஊர் குழம்பியது. ஆனால் எதற்குக் குழம்பியது என்று பார்த்தால், ஆள் எப்படித் தரைக்குள் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, தரைக்குள் வந்தவரை வந்தவராக வைத்துக்கொள்வதா, வராதவராக வைத்துக்கொள்வதா என்றுதான் கேட்டார்கள். விலக்கு டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து பேசி மூன்று விதமாக முடிவெடுத்தார்கள், நாலாம் நாள் மூன்றையும் மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பழக்கம் தானாக வந்தது. வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் மேலே ஒரு "வாங்க", குனிந்து கீழே ஒரு "வாங்க" என்று இரண்டு முறை சொன்னார்கள். பெரியவர்கள் தெரிகிற டைல்ஸை மிதிக்காமல் கட்டம் தாண்டி நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் நடக்கும்போது சேலைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் ஆல்பத்தில் ஒரு பக்கம் மேலே இருப்பவர்களையும், மறுபக்கம் தரையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி ஒட்டியும் கொடுத்தார். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தேனே" என்று ஒருவர் சொன்னால், "மேலயா கீழயா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாக இல்லாமல் போயிற்று.

பேச்சுச் சத்தம் மட்டும் கேட்காது. நிகழ்ச்சி முடிந்து மேலே இருப்பவர்கள் கலையும்போது கீழே இருப்பவர்களும் மங்கிப் போய்விடுவார்கள். சோலைமலை மட்டும் போகவில்லை. அவர் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு மட்டும் வராதவர் இல்லை, மண்டபத்துக்கே வராதவர். திறப்பு நாளிலிருந்து சாப்பாட்டுக்கூட வாசலுக்குப் பக்கத்தில், நாலாவது தூணுக்குக் கீழே, நின்றது நின்றபடி இருந்தார். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார், மத்தியானம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார், தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். எட்டு வருடத்தில் அவருடைய மீசை நரைத்ததைப் பவுன்தாய் கீழே குனிந்தபடியே பார்த்தாள்.

அவர் கோபமாக இருக்கிறாரா, கோபம் ஆறிவிட்டதா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தலைகீழாக நிற்கிற முகத்தில் சிரிப்பும் முறைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பாள், ஆள் இல்லாத நேரத்தில் தரையில் குப்புறப் படுத்துத் தலையைச் சாய்த்தும் பார்த்திருக்கிறாள். ஒருநாள் நல்லதம்பி வந்து பார்த்துவிட்டு, "என்னாத்தா, சாமி வந்திருச்சா?" என்று கேட்டார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்புக்கு உப்பே போடவில்லை. ஆனாலும் காலையில் துடைக்கும்போது அந்த ஒரு கட்டத்தை மட்டும் கையால் துடைப்பாள், துடைத்துக்கொண்டே, மகள் இலக்கியா பரீட்சை எழுதினாள், இலக்கியா வேலைக்குப் போகிறாள் என்று வீட்டுச் சேதியை எல்லாம் சொல்லிவிடுவாள். நாற்காலி போடுகிறவர்களை அந்தப் பக்கமே விடமாட்டாள். அண்ணன் வரவில்லையே என்கிற ஏக்கம் அவளுக்கு நெஞ்சில் இருந்தது உண்மை, ஆனால் தினமும் பார்க்கக் கிடைத்ததால் அந்த ஏக்கத்துக்குப் பசி அடங்கிப் போயிருந்தது.

இதே பசிதான் பஸ் கண்டக்டர் மகாமுனிக்கும். அவருடைய மகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவள். தன் மகனுடைய கல்யாணத்தில் அவள் இடுப்பில் ஒரு பிள்ளையோடு தரைக்குள் நின்றதைப் பார்த்தார். அந்தப் பிள்ளை பிறந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும். பந்திக்கும் போகாமல், யார் கூப்பிட்டும் நகராமல், முகூர்த்தம் முடிந்து மண்டபம் காலியாகும்வரை அந்த இடத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு காதுகுத்து, பிறந்தநாள், பேரனுக்கு முதல் மொட்டை என்று எதையாவது சாக்கிட்டு வருடத்துக்கு இரண்டு முறை மண்டபத்தைப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் மகளுக்குப் பத்திரிகை அனுப்புவார், அதில் 'அவசியம் வரவும்' என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு அனுப்புவார். அவள் வந்துவிட்டால் கீழே தெரிய மாட்டாளே.

இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். "மேல வர்றது செரமம் மதினி, கெடாக் குட்டிக்குத் தீனி வெக்க ஆளில்ல, கீழ வந்திர்றேன்" என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தார்கள். எப்படியும் தெரியத்தான் போகிறோம் என்று உள்ளூர்க்காரர்கள்கூட வீட்டிலேயே நல்ல சட்டை போட்டுக்கொண்டு முகூர்த்த நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். போன ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் மேலே நாற்பது பேர்கூட இல்லை, கீழே நிற்க இடமில்லாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். தாலி கட்டும்போது அட்சதை போட்ட சத்தமே கேட்கவில்லை. கீழே நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள், அவர்கள் கையில் ரிமோட்தான் இருந்தது. சமையல் மாஸ்டர் ஆக்கிய சோற்றை அண்டாவோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீழ நிக்கிறவகளுக்கு எல போட முடியாது. மேல ஆளில்ல. நா யாருக்குக்கா ஆக்குறது?" என்று பவுன்தாயிடம் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இலக்கியாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பெரியகுளம், முகூர்த்தம் தை மாதம். இலக்கியா பவுன்தாயின் ஒரே மகள், அவளுக்கு ஒரே தாய்மாமன் சோலைமலை. அந்தப் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மேடை ஏறுவதில்லை. மாமன் மேளத்தோடு தட்டெடுத்து வந்து, மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஃபோனில் மெதுவாக, சண்டை பிடிக்காமல், சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். "பொண்ணோட தாய்மாமன் வருவாகள்ல? மேலயா, கீழயா?"

"அவுக இங்கனயேதான இருக்காக, எட்டு வருசமா" என்று பவுன்தாய் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். பக்கத்தில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். அவள் சின்ன வயதில் மாமன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவள்.

"மாமா கீழ நின்னா எனக்கு யாரும்மா மால போடுவா?" என்று கேட்டாள்.

"அவுக நிக்கிற எடத்துக்கு மேல ஒன்னைய நிக்க வெச்சா..." என்று பவுன்தாய் ஆரம்பித்தாள்.

"நிக்க வெச்சா? அவரு கைய நீட்டுனா எங் காலத் தொடலாம், கழுத்த எப்பிடித் தொடுவாரு?"

பவுன்தாய் அன்று பூராவும் நாலாவது தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இந்தத் தரை இருக்கிறவரைக்கும் அண்ணன் வரமாட்டார், ஏனென்றால் அவர் வந்துதான் இருக்கிறார். இந்தத் தரையை எடுத்துவிட்டால் அண்ணன் வருவார் என்று எந்த உறுதியும் இல்லை, இருப்பதும் போய்விடும். எடுக்காவிட்டால் மகள் கழுத்துக்கு மாமன் மாலை இல்லை. எடுத்தால் மாமனே இல்லாமல் போகலாம். எந்தப் பக்கம் யோசித்தாலும் அடுத்த பக்கம் சரியாகத் தெரிந்தது. கடைசியில் யோசனை தீர்ந்துபோய்தான், முடிவு எடுத்து அல்ல, அவள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினாள்.

ஷாகுல் பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது, கடை இரண்டு மாடியாக வளர்ந்திருந்தது. இப்போது டைல்ஸ் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது, ஆறடிக்கு மேலேயும் இருந்தது. இத்தாலிப் பளிங்கு மாதிரி, துருப்பிடித்த இரும்பு மாதிரி, சிமெண்டு மாதிரி, சாக்கு மாதிரி, மாதிரி இல்லாத டைல்ஸ் ஒன்றுகூட அங்கே இல்லை. "இது வீட்டுக்கு ஓடுது, இது ஹோட்டலுக்கு, இது நகைக்கடைக்கு, இது பாத்ரூமுக்கு, ஆனா சில பேர் பூசை ரூமுக்கும் போடுறாங்க" என்று பாய் சொல்லச் சொல்ல, பவுன்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்றாள், குனிந்து பார்த்தாள், இறங்கினாள். ஒன்றில் தன் முகம் தெரிந்தது, ஒன்றில் டியூப்லைட் தெரிந்தது, ஒன்றில் எதுவுமே தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று வந்தோமா, தெரியக்கூடாது என்று வந்தோமா என்பது நாற்பதாவது டைல்ஸுக்கு மேல் அவளுக்கே மறந்துபோயிற்று. தலை சுற்றி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், அந்தப் பழைய டைல்ஸு, நா திருப்பி அனுப்புனேனே நாலு பெட்டி, அது இருக்கா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அது அந்த வாரமே போயிருச்சுங்கம்மா. ஒருத்தர் வந்து அதுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றார் பாய்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓரத்தில், எட்டு வருடத்துக்கு முன்னால் இருந்த அதே மூலையில், அதே சாம்பல் நிறம் சாத்தி வைத்திருந்தது. எழுந்து போய்க் காலால் தேய்த்துப் பார்த்தாள். மொரமொரவென்று பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

"இது இன்னும் வருதா?"

"எல்லா டிசைனும் ஆறு மாசத்துல மாறிடும்மா. இது மட்டும் மாறல. ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு போய்க்கிட்டே இருக்கு. தண்ணி ஊத்தி ஓடுனாலும் வழுக்காது, ஆனா மூஞ்சி தெரியாதும்மா."

"தெரிய வேணாம்" என்றாள் பவுன்தாய்.

"நாலு பெட்டி கூடவே போடுறேன். இந்தத் தடவ திருப்பி அனுப்பாதீங்க" என்றார் பாய்.

தரையை மாற்றப்போகிற சேதி பரவியதும் ஊரில் பாதிப் பேர் மண்டபத்துக்கு வந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அங்கே மேலே கூட்டம். வெளிநாட்டில் பிள்ளையை விட்டிருந்தவர்கள் அழுதார்கள், வீட்டிலிருந்தே கல்யாணம் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள், உங்களுக்கு ஏன் கோபம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகாமுனி கடைசியாக வந்தார், யூனிஃபார்மோடு வந்தார்.

"எம் மக இங்கன மட்டுந்தாம்மா வாரா" என்றார்.

பவுன்தாய், "திருப்பூர் பஸ்சு நம்ம விலக்குலதானண்ணே நிக்கிது. ஊருக்கே டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்குற ஆளு நீங்க" என்றாள். அவர் பையிலிருந்த டிக்கெட் கட்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார், போய்விட்டார்.

திங்கட்கிழமை சவரிமுத்து ஆட்களோடு வந்தார். தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒடைக்கவே வேணாம். நல்லா ஒட்டியிருக்கு. மேலயே பசை போட்டுப் புது டைல்ஸ ஒட்டிரலாம், ரெண்டு நாள் வேல" என்றார்.

"அப்ப கீழ நிக்கிறவுக?"

"அங்கனயே நிப்பாக. நமக்குத் தெரிய மாட்டாக."

பவுன்தாய் நாலாவது தூண்வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். வேலையாட்கள் பீடி பற்றவைத்து முடித்துவிட்டார்கள்.

"ஒடைச்சிரு" என்றாள். "மூடி வெச்சா, நிக்கிறாரா போயிட்டாரான்னு தெரியாமயே நா செத்துருவேன்."

வாசலிலிருந்து பழையதை உடைத்து, பின்னாலேயே புதுசை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் புதன்கிழமை மத்தியானம் நாலாவது தூணுக்கு வந்தார்கள். சோலைமலை அப்போது சட்டையில்லாமல் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். சவரிமுத்து உளியை வைத்தார், எடுத்தார், "நீங்களே செய்யிங்கக்கா, நமக்கு மனசு வரல" என்று சுத்தியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். பவுன்தாய் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"அண்ணே, நின்னது போதும். மேல வா" என்றாள்.

அடித்தாள். முதல் அடி ஓரத்தில்தான் விழுந்தது. மூன்றாவது அடியில் டைல்ஸ் நாலாகப் பிளந்தது. அடியில் சிமெண்டு இருந்தது, சிமெண்டில் சவரிமுத்துவின் கரணை போட்ட கோடுகள் இருந்தன, வேறு எதுவும் இல்லை. உடைந்த துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து தலைக்குக் குளித்தாள், பட்டுச்சேலை கட்டினாள், வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் தட்டை எடுத்துக்கொண்டாள். எட்டு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. நல்லதம்பி கேள்வி கேட்காமல் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு பேரும் மண்டப வாசலைத் தாண்டவில்லை, ஒரு ஆட்டோ வந்து நின்றது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் வேறு யாருடைய செருப்புமாகச் சோலைமலை இறங்கினார். இறங்கினவர் தங்கச்சியைப் பார்த்ததும் அப்படியே ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இருக்கியா?" என்றார்.

"எனக்கென்ன, இருக்கேன்."

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒன்னையக் காணோமே. எங்கிட்டுத் தேடியும் காணோம். ஒனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு..."

பவுன்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க காணோம்?"

"வீட்லதான். அடுப்படி வாசப்படிக்கிட்ட நிப்பியே. காலைல தொடப்பத்தோட நிப்ப, சாயங்காலம் ஃபோனக் காதுல வெச்சுக்கிட்டு நிப்ப." அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நீ தெனம் வந்துக்கிட்டுத்தான இருந்த. அதான் நா வரல."

நல்லதம்பிதான் முதலில் புரிந்துகொண்டார். நிறம் தெரியாத மனிதர். "அந்த நாலு பெட்டியும் நீங்களா மச்சான் வாங்குனீக?"

"தங்கச்சிக்குப் பிடிச்ச டைல்ஸுன்னு கேட்டேன், பாய் எடுத்துக் குடுத்தாரு. ஒரு அறைக்குச் சரியா இருந்துச்சு" என்றார் சோலைமலை. பிறகு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். வாசலில் புதிதாக ஒட்டியிருந்த சாம்பல் டைல்ஸின் மேல் காலை வைத்துத் தேய்த்தார். "இதத்தான நா அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

பவுன்தாய் தட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வாசல்ல வெச்சுக் குடுக்குறதா தட்டு? வீட்டுக்கு வந்து கூப்பிடு. ஒங்க மதினி அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா."

மூன்று பேரும் அதே ஆட்டோவில் பாறைப்பட்டிக்குப் போனார்கள். வீடு சின்னது, முன்னறை அதைவிடச் சின்னது. அந்த அறையில் கட்டில், பீரோ, தையல் மெஷின், டிவி எல்லாம் ஒரே பக்கச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு நின்றன. ஃப்ரிட்ஜ் நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது, உள்ளே போகிறவர்கள் அதை உரசிக்கொண்டு ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அடுப்படி வாசற்படிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம், எட்டு வருடமாக எந்தச் சாமானும் வைக்காமல், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று கிடந்தது.

மதினி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைக் காட்டினாள். "இங்கனதாம்மா நிப்பீக."

பவுன்தாய் தட்டோடு போய் அந்த இடத்தில் நின்றாள். ஒரே சூளையில் ஒரே நாள் சுட்ட அதே டைல்ஸ். குனிந்து பார்த்தாள். உள்ளே பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி கையில் தட்டோடு, இவள் பாதத்தோடு பாதம் ஒட்டித் தலைகீழாக நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது எந்த வீட்டுப் பளபளப்புத் தரையிலும் எவருக்கும் தெரிகிற சாதாரண பிம்பம்தான். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பவுன்தாய்க்குத் தெரியவில்லை. அண்ணன் தட்டை வாங்கிக்கொண்ட பிறகும் தெரியவில்லை.